ஐபி3 வேறு, பிப்3 வேறு: செல் சவ்வின் கொழுப்புச் செய்திகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் மாலை நேரங்களில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். விலங்கியல் படிப்பவர்கள், நர்சிங் படிப்பவர்கள், முதுகலைக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் உண்டு. செல் சமிக்ஞைப் பாடம் நடக்கிற மாதத்தில் விடைத்தாள் திருத்தினால் என் பேனா ஒரே இடத்தில்தான் நிற்கும். “பாஸ்போலிப்பேஸ் சி நொதி பிப்2-ஐ வெட்டி பிப்3-ஐயும் டிஏஜி-யையும் உண்டாக்குகிறது” என்று எழுதியிருப்பார்கள்.

அங்கே பிப்3 அல்ல, ஐபி3 என்று இருக்க வேண்டும். பார்க்க எழுத்துப் பிழை மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒரு வரி தவறிப்போனால் கால்சியம், இன்சுலின், புற்றுநோய் என்று பின்னால் வருகிற மூன்று பாடங்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வகுப்பில் காதால் கேட்டுப் படிக்கும்போது “ஐபி த்ரீ”, “பிப் த்ரீ” இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலி. எனவே குழப்பம் வருவதில் பிள்ளைகள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அதை அங்கேயே தீர்க்காமல் விடுவதுதான் தவறு.

முதலில் பிப்2 என்பது என்ன? செல் சவ்வின் உட்புற அடுக்கில் இருக்கும் ஒரு பாஸ்போலிப்பிட், அதாவது பாஸ்பேட் ஏறிய லிப்பிட் (கொழுப்பு). இரண்டு கொழுப்பமில வால்கள் சவ்வுக்குள் புதைந்திருக்கும். மேலே கிளிசரால், அதற்கு மேல் ஒரு பாஸ்பேட் பாலம், அதன் முனையில் இனாசிட்டால் என்ற ஆறு கார்பன் வளையம். அந்த வளையத்தின் 4-வது, 5-வது கார்பன்களில் ஆளுக்கொரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். பெயரில் உள்ள 2 இந்த இரண்டையும்தான் எண்ணுகிறது. 1-வது கார்பனில் வளையத்தைக் கிளிசராலோடு சேர்க்கும் பாலத்துப் பாஸ்பேட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், வெட்டுனா கம்மிதானே ஆவணும்? ரெண்டு எப்டி மூணாச்சு?” என்னிடம் படித்தவர்கள் கேட்ட கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இது. பாஸ்போலிப்பேஸ் சி வெட்டுவது கிளிசராலுக்கும் பாலத்துப் பாஸ்பேட்டுக்கும் நடுவே. வெட்டு விழுந்ததும் அதுவரை கணக்கில் வராமல் இருந்த 1-வது பாஸ்பேட் வளையத்தோடு போய்விடுகிறது. இப்போது 1, 4, 5 என மூன்று. அதுதான் ஐபி3. வால்களும் கிளிசராலும் சவ்விலேயே நின்றுவிடுகின்றன. அதுதான் டிஏஜி, அதாவது டைஅசைல்கிளிசரால்.

பிப்3 வருகிற வழியே வேறு. பிஐ3 கைனேஸ் என்ற நொதி பிப்2-ஐ வெட்டுவதில்லை. வளையத்தின் 3-வது கார்பனில் இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது, அவ்வளவுதான். இப்போது 3, 4, 5. ஆள் முழுசாகச் சவ்விலேயே இருக்கிறார். இங்கே இன்னொரு வலையும் விரிந்திருக்கிறது: ஐபி3-ல் உள்ள 3 எண்ணிக்கை, பிஐ3 கைனேஸில் உள்ள 3 இடத்தின் எண். ஒரே இலக்கத்துக்கு இரண்டு பொருள். இதை நோட்டில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நான் துறைமுகத்தை வைத்துத்தான் விளக்குவேன். கரையில் லாஞ்சுகள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. ஒரு லாஞ்சின் கயிற்றை அறுத்துவிட்டால் அது கரையை விட்டு வெளியே போகும். அதுதான் ஐபி3. நீரில் கரையும், சைட்டோபிளாசத்தில் பரவும், செல்லுக்குள் கால்சியம் சேமித்து வைக்கும் எண்டோபிளாச வலைக்குப் போய் அங்கே உள்ள ஏற்பியைத் திறந்து கால்சியத்தை வெளியே விடும். இன்னொரு லாஞ்சில் கயிறு அப்படியே இருக்க, கம்பத்தில் ஒரு கொடி ஏற்றுகிறார்கள். லாஞ்சு நகராது. கொடியைப் பார்த்து ஆட்கள் அங்கே வந்து கூடுவார்கள். அதுதான் பிப்3. ஆக்ட், பிடிகே1 போன்ற புரதங்களில் பிஎச் பகுதி என்று ஒரு மடிப்பு உண்டு. அது இந்தக் கொடியை அடையாளம் கண்டு சவ்வுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதும் பிடிகே1 ஆக்ட்டின் மேல் பாஸ்பேட் ஏற்றும். ஆக்ட் வேலையைத் தொடங்கும். இந்த உவமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. சவ்வில் இந்த லிப்பிட்கள் கட்டிப்போட்ட மாதிரி நிற்பதில்லை, பக்கவாட்டில் ஓயாமல் நழுவிக்கொண்டிருக்கும். ஆனால் “போனது எது, நின்றது எது” என்ற கேள்விக்கு இந்த உவமை நன்றாகப் பிடி கொடுக்கிறது.

இதை வீட்டுக் கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் சுகர் இல்லாத வீடு குறைவு. “இன்சுலின் செல்லுக்குள்ள போய் சர்க்கரையை இழுக்குது” என்று பலர் எழுதுகிறார்கள். இன்சுலின் வெளியிலுள்ள ஏற்பியைத் தொட்டாலே போதும், செய்தி உள்ளே போய்விடும். ஏற்பி கிளர்ந்து, பிஐ3 கைனேஸ் சவ்வுக்கு வந்து, பிப்3 கொடிகள் ஏறி, ஆக்ட் விழித்து, கடைசியில் தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளூட்-4 என்ற குளுக்கோஸ் வாயில்கள் உள்ளிருந்து சவ்வுக்கு வந்து சேர்கின்றன. இதே பாதை தறிகெட்டு ஓடினால் செல் வளர்ந்துகொண்டே போகும். மார்பகப் புற்றுநோய் பலவற்றில் பிஐ3 கைனேஸின் மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதைத் தடுக்கும் அல்பெலிசிப் என்ற மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்து எடுப்பவர்களிடம் அதிகம் காணப்படும் பக்கவிளைவு எது தெரியுமா? ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது. ஒரே கொடியை இறக்கினால் இரண்டு துறையிலும் வேலை நிற்கிறது. பாதையைச் சரியாகப் புரிந்துகொண்ட மாணவி இந்தப் பக்கவிளைவை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. தானே சொல்லிவிடுவாள்.

“கொஞ்சமாக இருப்பதால் முக்கியமில்லை”

சவ்வைச் சுவர் என்று நினைப்பது பள்ளிப் பாடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிற பழக்கம். லிப்பிட் என்றால் செங்கல், புரதம்தான் வேலைக்காரன் என்று ஒரு பிரிவினை மனதில் விழுந்துவிடுகிறது. அதன் தொடர்ச்சியாக, பிளாஸ்மா சவ்வின் பாஸ்போலிப்பிட்களில் பிப்2 ஏறக்குறைய 1 விழுக்காடுதான் என்று படித்ததும் அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். சமிக்ஞைக்கு அளவு குறைவாக இருப்பதுதான் வசதி. அமைதியான செல்லில் சைட்டோபிளாசக் கால்சியம் சுமார் 100 நேனோமோலார். செல்லுக்கு வெளியே அது ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். உள்ளே இவ்வளவு குறைவாக வைத்திருப்பதால்தான் கொஞ்சம் கசிந்தாலும் செல் திரும்பிப் பார்க்கிறது. சத்தமில்லாத தெருவில் ஒருவர் மெல்லக் கூப்பிட்டாலும் கேட்கும். ஏல நேரத்தில் காசிமேட்டில் கத்தினாலும் கேட்காது.

விஞ்ஞானிகளுக்கே இந்தச் சுவர் எண்ணத்தைத் தாண்ட முப்பது வருஷம் ஆனது. 1953-ல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் சேர்த்துவிட்டு, கதிரியக்கப் பாஸ்பரஸ் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அது பாஸ்போலிப்பிட்களுக்குள் வேகமாக ஏறியது. செங்கல் என்று நினைத்தது நரம்புச் செய்தி வந்ததும் கிடுகிடுவென மாறிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று வெகுகாலம் தெளிவாகவில்லை. 1975-ல் ராபர்ட் மிட்செல் இந்த இனாசிட்டால் லிப்பிட் உடைவையும் கால்சியத்தையும் சேர்த்து எழுதினார். 1983-ல் ஸ்ட்ரெப், இர்வைன், பெரிட்ஜ், ஷுல்ஸ் ஆகியோர் கணையச் செல்களிலேயே ஐபி3 கொடுத்துப் பார்த்து, உள்சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிவருவதைக் காட்டினார்கள். கணையத்தில் தொடங்கிய கேள்விக்குக் கணையத்திலேயே விடை கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்லாமல் வெறும் அம்புக்குறிகளை மட்டும் பலகையில் வரைவது எனக்குப் பிடிக்காது. அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ பல வருஷம் நின்றிருக்கிறார்கள்.

டிஏஜி-யை மிச்சம் என்று ஒதுக்குவது

ஐபி3 கால்சியத்தைத் திறந்ததும் மாணவர்கள் கதை முடிந்தது என்று அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள். சவ்வில் நின்ற டிஏஜி வெட்டிய பிறகு மிஞ்சிய துண்டு என்றே நினைக்கிறார்கள். ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் நிஷிசூகா 1977-ல் கண்டறிந்த புரதக் கைனேஸ் சி என்ற நொதிக்கு அந்த மிச்சம்தான் அழைப்பு. அந்த நொதிக் குடும்பத்தின் முதல் வகை முழுசாக விழிக்க மூன்று பேர் வேண்டும்: ஐபி3 கொண்டுவந்த கால்சியம், சவ்வில் நிற்கும் டிஏஜி, சவ்வின் உட்புறத்தில் உள்ள பாஸ்படிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிட். ஒரே வெட்டில் பிறந்த இரண்டு துண்டுகளும் ஒன்று சுற்றி வந்து, ஒன்று இருந்த இடத்தில் நின்று, கடைசியில் ஒரே நொதியின் மேல் சந்திக்கின்றன.

டிஏஜி எவ்வளவு வலுவான சொல் என்று உணர்த்த நான் எடுத்துக்காட்டுவது நேர்வாளம். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இதன் பெயரைக் கேட்டாலே எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். கடுமையான பேதி மருந்து. சித்த வைத்தியத்தில் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். அதன் விதை எண்ணெயில் ஃபோர்பால் எஸ்டர் என்ற பொருள் இருக்கிறது. அது டிஏஜி மாதிரியே புரதக் கைனேஸ் சி-யில் போய் உட்காரும் என்று 1982-ல் தெரியவந்தது. வித்தியாசம் என்னவென்றால், செல் தன் சொந்த டிஏஜி-யைச் சீக்கிரமே மாற்றி அகற்றிவிடும். ஃபோர்பால் எஸ்டரை அப்படி அகற்ற முடியாது. நொதி விழித்தே கிடக்கும். எலியின் தோலில் புற்றுநோயைத் தூண்டிவிட ஆய்வகங்கள் இதைத்தான் பல பத்தாண்டுகள் பயன்படுத்தின. செய்தியின் பொருள் மாறவில்லை, நீளம்தான் மாறியது. அதுவே நோயாகிவிட்டது.

அணைப்பவரை மறப்பது

நான் மிகப் பெரிய தவறாகக் கருதுவது இதை. விடைத்தாள்களில் எரியும் விளக்குகள் மட்டுமே இருக்கும். ஸ்விட்சை யாரும் வரைவதில்லை. தூண்டியது யார் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுபவர், நிறுத்தியது யார் என்று ஒரு வரி எழுதுவதில்லை.

ஐபி3-ன் 5-வது பாஸ்பேட்டை ஒரு பாஸ்படேஸ் கழற்றியதும் அது கால்சியம் வாயிலைத் திறக்கும் தகுதியை இழக்கிறது. வெளிவந்த கால்சியத்தை எண்டோபிளாச வலையின் பம்புகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துத் திரும்ப உள்ளே ஏற்றுகின்றன. டிஏஜி-யின் மேல் டிஏஜி கைனேஸ் பாஸ்பேட் ஏற்றி பாஸ்படிடிக் அமிலமாக்குகிறது. அது எண்டோபிளாச வலைக்குப் போய், இனாசிட்டாலோடு சேர்ந்து, மறுபடி சவ்வுக்கு வரும் லிப்பிட்டாகிறது. இந்தச் சுழற்சியில் தனியாகக் கழன்ற இனாசிட்டால் மீண்டும் கிடைக்கக் கடைசிப் பாஸ்பேட்டையும் கழற்ற வேண்டும். அதைக் கழற்றும் நொதியை லித்தியம் தடுக்கிறது. மனநல மருத்துவத்தில் லித்தியம் வேலை செய்யும் விதத்தை விளக்க இதை ஒரு கருதுகோளாக வைத்திருக்கிறார்கள். முடிவான விடையாக எழுதிவிடக் கூடாது.

பிப்3 கொடியை இறக்குவது பிடென் என்ற நொதி. 1997-ல் புற்றுநோய்க் கட்டிகளில் தொலைந்துபோகும் மரபணுவாக அது அறிமுகமானது. வரிசையைப் பார்த்தவர்கள் புரதத்திலிருந்து பாஸ்பேட் கழற்றும் நொதி என்று எண்ணினார்கள். 1998-ல் மெஹாமா, டிக்சன் இருவரும் அது லிப்பிட்டின் 3-வது பாஸ்பேட்டைக் கழற்றுகிறது என்று காட்டினார்கள். அதனால் பிடெனைப் புரதப் பாஸ்படேஸ் என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். அடுத்து வருவது இன்னும் நுட்பமான தவறு: பிப்3-ஐ அணைப்பவர்கள் எல்லாரும் அதைப் பழைய பிப்2-ஆக்கிவிடுவார்கள் என்று நினைப்பது. பிடென் 3-வதைக் கழற்றினால் 4, 5 மிஞ்சும். பழைய ஆளே திரும்பிவிட்டார். ஷிப் என்ற நொதி 5-வதைக் கழற்றினால் 3, 4 மிஞ்சும். இவரும் பிப்2-தான், ஆனால் வேறொரு பிப்2. அவருக்கும் வந்து கூடும் புரதங்கள் உண்டு. ஆக்ட்டே அவரைப் பற்றும். கொடி முழுசாக இறங்கவில்லை, நிறம் மாறியிருக்கிறது.

அணைக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி காலரா. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை ஏன் இருக்கிறது என்று இங்கே வளர்ந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலரா நச்சு இருப்பதை 1959-ல் கொல்கத்தாவில் சம்பு நாத் தே காட்டினார். அந்த நச்சு குடல் செல்லில் பற்றிக்கொள்வது ஒரு புரதத்தை அல்ல; ஜிஎம்1 என்ற சர்க்கரை ஏறிய லிப்பிட்டை. ஏற்பி என்றாலே புரதம் என்று எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். உள்ளே போன நச்சின் ஒரு பகுதி, ஏற்பியின் செய்தியைக் கடத்தும் ஜி புரதத்தின் தன்னை அணைத்துக்கொள்ளும் திறனைக் கெடுக்கிறது. அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதி ஓயாமல் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைச் செய்துகொண்டே இருக்கிறது, குளோரைடு வெளியேறுகிறது, பின்னாலேயே தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் கடத்தி கெடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் உயிர் காப்பது அந்தக் கடத்தியின் வழியாகத்தான்.

பாஸ்போலிப்பேஸ் எல்லாம் ஒன்றில்லை

வெட்டுகிற இடம் மாறினால் செய்தி மாறும். சி வெட்டுவதைப் பார்த்தோம். பாஸ்பேட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டினால் அது டி. பாஸ்படிடிக் அமிலம் கிடைக்கும். மது இருக்கும்போது இதே டி நொதி தண்ணீருக்குப் பதில் எத்தனாலைப் பிடித்து பாஸ்படிடைல்எத்தனாலை உண்டாக்கும். குடிப்பழக்கத்தைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை ஒன்று இதை அளந்துதான் சொல்கிறது. கிளிசராலின் நடுக் கார்பனில் உள்ள கொழுப்பமிலத்தைக் கழற்றுவது ஏ2. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் நஞ்சுகளில் ஏ2 வகை நொதிகள் நிறைய. உடலுக்குள் உள்ள ஏ2 அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை விடுவிக்கும். அதிலிருந்து சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி புராஸ்டாகிளாண்டின்களுக்கு வழி செய்யும். வலி, காய்ச்சல், வீக்கம் எல்லாம் அங்கிருந்து.

ஆஸ்பிரின் ஏ2-வைத் தடுக்கிறது என்று எழுதுவது வழக்கமான பிழை. 1971-ல் ஜான் வேன் காட்டியது அதற்கு அடுத்த படியை, புராஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் நிறுத்துகிறது என்பதை. 1982-ல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜனேஸின் மேல் ஓர் அசிட்டைல் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிடும். ரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புதிய நொதி செய்ய வழியில்லை. அதனால் அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள் வரை விளைவு நீடிக்கும். இதய நோயாளிக்குச் சிறு மாத்திரை ஒன்று தினமும் போதும் என்பதன் காரணம் இதுவே.

இங்கே எங்கள் ஊர்க் கேள்வி ஒன்று தவறாமல் வரும். மத்தி மீன் சாப்பிட்டால் இதெல்லாம் மாறுமா? மாறும், ஆனால் நேற்றுக் குழம்பு வைத்தால் இன்று மாறிவிடாது. மத்தியில் இருக்கும் ஈபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் 20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு. அராக்கிடோனிக் அமிலம் 20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு. ஈபிஏ சவ்வில் அந்த நடுக் கார்பனில் இடம் பிடிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிடித்த பிறகு ஏ2 வெட்டும்போது வெளிவரும் கலவை மாறுகிறது. சாப்பாட்டை மருந்துச் சீட்டாக மாற்றிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிட்டு மத்தி போதும் என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் சொல்லிவிடக் கூடாது.

படம் வரையும்போது சவ்வின் இரண்டு அடுக்குகளையும் ஒரே மாதிரி வரைவதையும் விட்டுவிடுங்கள். பாஸ்படிடைல்செரின் உட்புறத்தில்தான் இருக்க வேண்டும். அது வெளியே புரண்டால் விழுங்கும் செல்களுக்கு “இந்தச் செல் முடிந்தது, எடுத்துக்கொள்” என்ற அறிவிப்பு. தட்டணுவில் என்றால் ரத்தம் உறைவதற்கான மேடை.

கடைசியாக, ஆய்வகத்தில் திட்டப்பணி செய்பவர்களுக்கு ஒன்று. பிப்2 எங்கே இருக்கிறது என்று பார்க்க, பாஸ்போலிப்பேஸ் சி டெல்டாவின் பிஎச் பகுதியைப் பச்சை ஒளிர் புரதத்தோடு இணைத்துச் செல்லில் விடுவார்கள். செல்லைத் தூண்டியதும் பச்சை சவ்வை விட்டு உள்ளே நகரும். “பிப்2 தீர்ந்துவிட்டது” என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்தப் பகுதி பிப்2-ஐ விட ஐபி3-ஐ இன்னும் இறுக்கமாகப் பற்றும். சவ்வில் பிப்2 குறைந்ததால் நகர்ந்ததா, உள்ளே ஐபி3 கூடி இழுத்ததா என்று அந்தப் படம் மட்டும் சொல்லாது. பிப்2-ஐப் பற்றி ஐபி3-ஐப் பற்றாத டப்பி என்ற புரதத்தின் பகுதியை வைத்து இன்னொரு முறை செய்து பாருங்கள். “ரெண்டு எப்டி மூணாச்சு” என்று கேட்ட பெண் இப்போது முதுகலையில் இதே சோதனையைத்தான் செய்கிறாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் அனுப்பியிருந்தாள். முதல் படத்தில் பச்சை முழுக்க உள்ளே வந்துவிட்டது. இரண்டாவதில் விளிம்பில் இன்னும் மெல்லிய கோடு மிச்சமிருந்தது.